சிவப்புப் பொட்டு வைத்த டம்ளர்

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தோம். இவர் ஸ்டூல் மேல் ஏறக் கூடாது என்பதால் நான் ஏறி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன், இவர் கீழே நின்று வாங்கி வைத்தார். ஒரு அட்டைப்பெட்டியில் கொரோனா காலத்துச் சாமான்கள் மொத்தமாக இருந்தன. பேட்டரி கசிந்து பச்சை பிடித்த பல்ஸ் ஆக்சிமீட்டர், கட்டி தட்டிப்போன கபசுரக் குடிநீர்ப் பொடி, பழைய ரவிக்கைத் துணியில் நான் தைத்த முகக்கவசங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு எவர்சில்வர் டம்ளர். இவர் அதைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் நெயில் பாலிஷால் வைத்த ஒரு சிவப்புப் பொட்டு. "இது நம்ம டம்ளர்தானா? என்ன அடையாளம் இது?" என்று கேட்டார். நம்முடையதுதான் என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. அந்தப் பொட்டை வைத்தவள் நான். மருமகள் ஒரு தீபாவளிக்கு வந்தபோது விட்டுப்போன நெயில் பாலிஷ் அது. எந்த நாளில், எந்தப் பயத்தில், எதற்காக வைத்தேன் என்பது நேற்று நடந்த மாதிரி நினைவிருக்கிறது. இத்தனை வருஷமாக எழுத வேண்டும் எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தது இதைத்தான்.

நாங்கள் இருப்பது கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில், அரவேனு பக்கம். இவர் மின்வாரியத்தில் இருந்தவர், குந்தாவில் பல வருஷம். நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை, 2015-இல் 58 வயதில் ஓய்வு பெற்றேன். இவருக்கு 2016-இல் ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரையும் உண்டு. ஒரே மகன், சென்னையில். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எங்கள் வீட்டு நிலவரம் இவ்வளவுதான்.

முதல் மூன்று வாரம் எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சுற்றுலா வண்டிகள் நின்று போய், மலைப்பாதை இரவும் பகலும் ஒரே மாதிரி கிடந்தது. சாயங்காலத்தில் மட்டும் தேயிலைக்குள் தெரிகிற காட்டெருமைகள் பட்டப்பகலில் தார்ரோட்டில் நின்று அசை போட்டன. குட்டி ஒன்று எங்கள் கேட்டில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது. கல்யாணம் ஆனதிலிருந்து இவரும் நானும் இவ்வளவு நேரம் ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை. மின்சாரக்காரருக்கு மழை வந்தால்தான் வேலை. மலையிலோ எந்நேரமும் மழை. ஓய்வுக்குப் பிறகும் வீட்டில் தங்காத மனிதர், இப்போது பார்த்தால் நாள் முழுக்க வீட்டில். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, பாட்டுப் பாடாமல் கிடந்த பழைய டேப் ரெக்கார்டர் எல்லாம் உயிர் பெற்றன. ஏப்ரல் 5-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒன்பது நிமிடம் விளக்கேற்றினோமே, அன்றைக்குப் பள்ளத்தாக்கு முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது. எந்தப் புள்ளி எந்த ஊர் என்று இவர் இருட்டிலேயே காட்டிக்கொடுத்தார். அந்தக் கம்பிகளெல்லாம் இவருக்கு மனப்பாடம்.

அப்புறம் பயம் ஒழுங்குமுறையாக மாறியது. வாசல் குழாயடியில் இரண்டு வாளி, ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீர். காய்கறி எது வந்தாலும் இரண்டிலும் முங்கி எழுந்த பிறகுதான் சமையலறைக்குள் வரும். சில்லறையைச் சோப்புத் தண்ணீரில் போடுவோம். ரூபாய் நோட்டை நனைத்துத் துணிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டுவார் இவர். பத்தும் ஐம்பதும் நூறுமாகக் காந்தி முகங்கள் ஈரத்தில் வரிசையாக ஆடிக்கொண்டிருக்கும். மேகம் இறங்கிவிட்டால் இரண்டு நாள் ஆனாலும் காயாது, எடுத்து இஸ்திரி போடுவார். ராத்திரி எட்டு மணிக்கு மகன் போன் செய்து ஒவ்வொன்றாகக் கேட்பான். நாங்கள் ஒப்பிப்போம். அவனைப் பள்ளிக்கு அனுப்பிய காலத்தில் நான் கேட்ட அதே தொனியில் அவன் எங்களைக் கேட்டான். அதில் எனக்கு வருத்தமில்லை, பெருமைதான்.

செவ்வாயும் வெள்ளியும்

வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், காய்கறி அக்கா வருவார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. நான் பள்ளியை விட்டு வந்த அதே ஆண்டு அவரும் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு கூடை தூக்க ஆரம்பித்தார். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுக்குப் பின்னால் சின்னத் துண்டு நிலத்தில் அவரே போட்ட மேரக்காய், பாலக் கீரை, கொத்தமல்லி, கூடவே பக்கத்துத் தோட்டங்களில் வாங்கிய பீன்ஸும் முள்ளங்கியும் இருக்கும். எங்கள் வராண்டா படிதான் அவருக்கு நிறுத்தம். கூடையை இறக்கி, தலைச் சும்மாட்டை உதறி மடியில் வைத்துக்கொண்டு, நான் கொடுக்கும் காபியை ஊதி ஊதி வாய் வைத்துக் குடிப்பார். அரைமணி நேரமாவது பேசுவோம். அவருக்குக் காபியும் தேத்தண்ணிதான், டீயும் தேத்தண்ணிதான். இலங்கையிலிருந்து திரும்பி இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஒரு சொல் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

1974-இல் வந்தவர்கள். 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக எழுதினார்களே, அந்த எண்ணிக்கைக்குள் ஒரு பெண் இவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு மலைக்கு வந்தார்கள். இப்படித் திரும்பி வருகிறவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டமே போட ஆரம்பித்தது. மண்டபத்தைப் பற்றி அக்கா சொன்ன ஒன்று எனக்கு ரொம்ப நாள் மனதில் நின்றது. அவருடைய பாட்டி வெள்ளைக்காரன் காலத்தில் இந்தப் பக்கமிருந்து கொழும்புக்குப் போனபோதும் அதே மண்டபத்தில்தான் நிறுத்தி வைத்தார்களாம். காலராவும் பிளேக்கும் இலங்கைத் தோட்டத்துக்குள் போய்விடக் கூடாது என்று கூலி ஆட்களை அங்கே தனியாக வைத்திருந்துதான் கப்பலேற்றுவார்கள். "துணியெல்லாம் உருவி வாங்கி ஆவியில வேக வச்சுக் குடுப்பாங்களாம் டீச்சர். பாட்டி சாகுற வரைக்கும் அந்த மருந்து நாத்தத்தைப் பத்தித்தான் பேசும்." ஊரடங்கின் முதல் வாரத்தில், குவாரன்டைன் என்ற வார்த்தை டிவியில் ஓடிக்கொண்டிருந்தபோது, கேட்டுக்கு வெளியே நின்று அவர் சொன்னது இது. நான் அதை வரலாறாகக் கேட்டேன்.

பஸ் இல்லாத அந்த நாட்களில் அவர் இரண்டு கிலோமீட்டர் கூடையோடு நடந்து வந்தார். கடைகள் மதியம் ஒரு மணிக்கெல்லாம் மூடிவிடும், நாங்கள் வெளியே போகக் கூடாது. அவர் வரவில்லை என்றால் எங்கள் வீட்டில் பச்சையாக எதுவும் இருந்திருக்காது.

கோலப்பொடி வட்டம்

மே மாதம் ஆரம்பத்தில் கோயம்பேடு மார்க்கெட்டில் கொத்தாகத் தொற்று வந்து, 5-ஆம் தேதி மார்க்கெட்டையே மூடினார்கள். அங்கே போய் வந்தவர்கள் மூலம் மாவட்டம் மாவட்டமாகப் பரவுகிறது என்று செய்தி. அன்றிரவு மகன் குரலில் நடுக்கம் இருந்தது. "அம்மா, காய்கறிக்காரங்க யாரையும் கிட்டவே சேர்க்காதீங்க. அப்பா ஹார்ட் பேஷன்ட், ஞாபகம் வச்சுக்கோங்க." எங்கள் அக்காவுக்கும் கோயம்பேட்டுக்கும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அவர் மேட்டுப்பாளையம்கூட இறங்கியதில்லை. இருந்தாலும் பயம் தூரம் பார்த்தா வருகிறது? அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வருவதற்கு முன்னால், கேட்டுக்கு வெளியே கோலப்பொடியால் ஒரு வட்டம் போட்டேன். கடைவாசலில் எல்லாம் போட்டிருந்தார்கள், அதே மாதிரி. தினமும் காலையில் வாசலில் கோலம் போடுகிற அதே கையால், அதே பொடியால் போட்டேன். பணம் வைக்க மதில் மேல் ஒரு பவுடர் டப்பா. காபிக்கு ஒரு பழைய டம்ளர். அது வீட்டு டம்ளர்களோடு கலந்துவிடக் கூடாது என்றுதான் அடியில் அந்தச் சிவப்புப் பொட்டு. அது வீட்டுக்குள் வராது, மதில் மேலேயே கவிழ்ந்திருக்கும். நான் சொம்பிலிருந்து தூக்கி ஊற்றுவேன்.

அக்கா வந்தார். வட்டத்தைப் பார்த்தார், அதற்குள் நின்றார். ஏன் என்று கேட்கவில்லை. நானும் விளக்கவில்லை. ஊருக்கே தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன். டம்ளரை எடுத்தார். வெளிக்குழாயில் அதைக் கழுவினார், நீட்டினார், நான் ஊற்றினேன். தள்ளிப் போய் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து குடித்தார். மறுபடி கழுவி, உதறி, மதில் மேல் இருந்த அதே இடத்தில் கவிழ்த்து வைத்தார். எப்படிச் செய்ய வேண்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கை ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. அந்தத் தயங்காத கையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அக்காவின் சாதி என்னவென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும் என்பதுதான் நம் ஊர்.

முப்பது வருஷம் பாடம் நடத்தியவள் நான். தமிழ்நாட்டுப் பாடப் புத்தகத்தைத் திறந்தால் முன்பக்கத்தில் அச்சடித்திருக்கும்: தீண்டாமை ஒரு பாவச் செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல். புதுப் புத்தகம் வாங்கிய முதல் நாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை எழுப்பி இதைச் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். டீக்கடையில் இரட்டைக் குவளை என்றால் என்ன என்று பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அந்த மே மாதம்தான் ஓய்வு வயதை 59 ஆக உயர்த்தினார்கள். சக ஆசிரியைகள் போனில் கூப்பிட்டு, நமக்கு ஒரு வருஷம் கிடைக்காமல் போய்விட்டதே என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனைக் காதில் வைத்தபடி ஜன்னல் வழியாக மதில் மேல் கவிழ்ந்திருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது வேறு, அது வேறு, இது நோய்க்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னது பொய்யும் இல்லை. இவர் நெஞ்சுக்குள் இருக்கும் கம்பிச் சுருளுக்காகத்தான் அத்தனையும் செய்தேன்.

இருமல்

ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை. சாரல். வெந்நீருக்காக விறகடுப்பு பற்ற வைத்திருந்தேன், ஈர விறகு, வீடெல்லாம் புகை. அக்கா பையை மதில் மேல் வைக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். பீன்ஸ் இருக்கிறதா என்று கேட்க இவர் வராண்டாவுக்கு வந்தார், முகக்கவசம் இல்லாமல். புகை தொண்டையில் பிடித்து இருமினார். விடாமல் நாலைந்து தடவை. அக்கா பையை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டுப் பின்னால் போனார். தலைத்துண்டின் முனையை இழுத்து வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்ன அக்கா, அவருக்கு ஒண்ணுமில்ல. வெறும் புகை" என்றேன். சொன்ன வார்த்தை சாதாரணம்தான். ஆனால் குரல் எனக்கே கேட்டது, வகுப்பில் அடங்காத பிள்ளையை அதட்டுகிற குரல். அதற்கு அடியில் இருந்த எண்ணத்தை இங்கே அப்படியே எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் இந்தக் கட்டுரையை எழுதுவதில் அர்த்தமில்லை: எங்களைப் பார்த்து அக்கா ஒதுங்குவதா?

"இல்ல டீச்சர்" என்றார் துண்டுக்குள்ளிருந்தே. "எங்க வீட்டுல அவருக்கு மூச்சு செரியில்ல. ஃபேக்டரியில இருந்தப்ப புடிச்ச தூசி. அதான்." பையை வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குக் காபி குடிக்கவில்லை. இவர் ஒன்றும் கவனிக்காமல் பீன்ஸை எடுத்துக்கொண்டு வாளிப் பக்கம் போனார்.

நான் அங்கேயே நின்றேன். எங்களைப் போலவே அங்கேயும் ஓய்வு பெற்ற இரண்டு பேர் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள், அங்கேயும் ஒரு மனைவி தன் வீட்டுக்காரர் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்பது அதுவரை என் புத்தியில் உறைக்கவேயில்லை. எங்களுக்கு நான்கு அறை. அவர்களுக்கு ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. இன்னும் கொழுந்து பறிக்கப் போய் வரும் மகளையும் பேத்தியையும் சேர்த்து அதில் நாலு பேர். எங்கள் வீட்டுக்குக் கேஸ் போடுபவர் வந்தார், கூரியர் வந்தது, மாதம் ஒருமுறை மருந்துக்காக இவரே கோத்தகிரி போய் வந்தார். அக்காவோ லைனை விட்டால் கூடை, கூடையை விட்டால் லைன். அவரிடமிருந்து எங்களுக்கு வந்துவிடுமோ என்று இரண்டு மாதம் கணக்குப் போட்டவள், எங்களிடமிருந்து அவருக்குப் போய்விடுமோ என்று ஒருநாள்கூட நினைக்கவில்லை. நோய்க்காக விடும் இடைவெளி என்றால் அது இரண்டு பக்கமும் ஒரே அளவுதான். அவருக்கு வட்டம் போட்டேன். எனக்கு நான் போட்டுக்கொள்ளவில்லை. இது வேறு, அது வேறு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது அந்த இடத்தில்தான் உடைந்தது.

அடுத்த செவ்வாய் கேட்டுக்கு உள்ளே எனக்கும் ஒரு வட்டம் போட்டேன். இவரை முகக்கவசம் போட வைத்தேன். அக்கா வந்தார், இரண்டு வட்டத்தையும் பார்த்தார். காபிச் சொம்போடு நான் வந்தபோது இடுப்புப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். "நானே தேத்தண்ணி கொண்டாந்துட்டேன் டீச்சர்." முகத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. தன் வீட்டுக்காரருக்காக எடுத்த எச்சரிக்கையா, என் குரல் கேட்டு வந்த முடிவா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கத் தைரியமும் வரவில்லை. அன்றிலிருந்து அந்த டம்ளர் மதில் மேல் சும்மா கிடந்தது. மழை பெய்தால் அதன் முதுகில் டக் டக்கென்று சத்தம் கேட்கும்.

இந்த இடைவெளிக்கு என்ன பெயர் வைப்பது என்பதே அப்போது ஒரு குழப்பம். சமூக விலகல் என்றார்கள், சமூக இடைவெளி என்றார்கள், அப்புறம் தனிமனித இடைவெளி என்றார்கள். உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில், சமூகத்தை விட்டு விலகச் சொல்லவில்லை, உடலளவில்தான் தள்ளியிருக்கச் சொல்கிறோம் என்று சொல்லை மாற்றிக்கொண்டது. தமிழாசிரியை என்பதால் எனக்கு இந்தச் சொற்கள் மேல் கண். சமூக விலகல் என்ற சொல்லை முதலில் கேட்டபோது புதிதாக எதையோ கற்றுத் தருகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அக்காவுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

செப்டம்பரில் இவருக்குக் காய்ச்சல். கொரோனா பரிசோதனைக்குச் சளி மாதிரி எடுத்துப் போனார்கள், முடிவு வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் இவர் பின்னறையில், நான் முன்னறையில். வாசலில் ஒரு ஸ்டூல், அதில் தட்டு. தட்டு, டம்ளர், கரண்டி எல்லாம் தனி. நான் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, இவர் சாப்பிடும் நேரத்திலேயே சாப்பிட்டேன். ரசத்தில் உப்புக் குறைவு என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தபோது ருசி தெரிகிறதே என்று அழுதேன். பயந்த மாதிரி இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான் என்று முடிவு வந்தது. நான் சொல்ல வந்தது முதல் நாள் நடந்ததை. தனியாக ஒரு டம்ளர் வேண்டும் என்று தேடியபோது மதில் மேல் இருந்ததுதான் முதலில் ஞாபகம் வந்தது. எடுத்து வந்தேன், தேய்த்தேன், கொதிக்கும் தண்ணீர் ஊற்றினேன். சுத்தத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதில் இவருக்குக் கஞ்சி ஊற்ற மனம் வரவில்லை. அலமாரியிலிருந்து எங்கள் கல்யாணத்துக்கு வந்த, பெயர் வெட்டிய டம்ளரை எடுத்துக் கொடுத்தேன். சிவப்புப் பொட்டு வைத்ததைப் பரணில் போட்டேன். நோய் மட்டும்தான் காரணம் என்றால் அந்த டம்ளரை இவருக்குக் கொடுப்பதில் எனக்கு என்ன தடை இருந்திருக்க முடியும்?

பிறகு தெரிந்துகொண்டதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வேதனைதான் கூடுகிறது. அந்த ஜூலையிலேயே 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, இது காற்றில் மிதந்து பரவுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதியிருந்தார்கள். 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், தொற்றுப் பட்ட பொருளை ஒருமுறை தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொன்னது. அப்படியானால் காசைக் கழுவியதிலும் டம்ளரைப் பிரித்ததிலும் பெரிய பயன் இருக்கவில்லை. திறந்த வெளியில், முகக்கவசம் போட்டு, வராண்டாவின் அந்தக் கோடியில் அக்காவும் இந்தக் கோடியில் நானுமாக உட்கார்ந்து பேசியிருக்கலாம். காத்தோட்டமான மலையில் அதற்கென்ன குறை. அன்றைக்குத் தெரியாது, தெரியாமல் பயந்ததற்காக நான் என்னை நொந்துகொள்ளவில்லை. நோட்டுக்கும் கீரைக்கும் வாளி வைத்தது பயம். டம்ளரை அப்படிச் சொல்லிவிட்டுத் தப்பிக்க என்னால் முடியவில்லை.

2021 மார்ச்சில் அறுபது வயதுக்காரர்களுக்கு ஊசி ஆரம்பித்ததும் நாங்கள் போய்ப் போட்டுக்கொண்டோம். இரண்டாவது ஊசிக்கான இடைவெளியைத் தள்ளிக்கொண்டே போனார்கள், மே மாதத்தில் 12 முதல் 16 வாரம் என்று ஆக்கினார்கள். இரண்டாம் அலை, மறுபடி ஊரடங்கு, தெரிந்தவர்கள் சிலர் போனார்கள். அதையெல்லாம் எழுத எனக்குத் தெம்பில்லை. அக்கா வீட்டில் நாலு பேரும் தப்பினார்கள். எங்கள் வீட்டிலும்.

இப்போது அக்கா பழையபடி பஸ்ஸில் வருகிறார். வராண்டா படியில் உட்காருகிறார். வீட்டு டம்ளரில் காபி கொடுக்கிறேன். பேத்தி கல்லூரிக்குப் போவது, கேரட் விலை, காட்டுப்பன்றி வந்து மேரக்காய்ப் பந்தலைச் சாய்த்தது என்று பேச்சும் பழையபடிதான். பரண் சுத்தம் செய்த வாரம், வெள்ளிக்கிழமை, மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன். "அக்கா, கொரோனா நேரத்துல உங்களுக்குன்னு தனியா ஒரு டம்ளர் வச்சிருந்தேனே. அது தப்புன்னு எனக்கு அப்புறமாத்தான் புரிஞ்சுது. மன்னிச்சிருங்க."

அக்கா சும்மாட்டை மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எந்த டம்ளர் டீச்சர்?" என்றார்.

உண்மையிலேயே மறந்துவிட்டாரா, எனக்காக மறந்தாரா தெரியவில்லை. ஆவி பறக்கும் காபியை எடுத்தார். முன்னெல்லாம் ஊதி ஊதி வாய் வைத்துக் குடித்தவர், இப்போது தலையைப் பின்னால் சாய்த்து, உதட்டில் படாமல், அண்ணாந்து குடிக்கிறார்.